துரை பங்களாவின் முதல் வீடு

எங்கள் வீட்டு அடுப்பை இடித்தபோது சமையலறையில் நாலு பேர் இருந்தோம். கடப்பாரையோடு அப்பா. கேமராவோடு நான். நான் வேலை பார்க்கும் ஆபீஸை பாலக்காட்டில் நடத்தும் ஆர்க்கிடெக்ட் மேடம். தாழ்ந்த நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்ற மலையாளி எஸ்டேட் மேனேஜர். அடுப்புக்குச் சொந்தக்காரியான அம்மா இல்லை. முழங்கால் வலிக்கு மருந்து வாங்க ஜீப் பிடித்துச் சூரியநெல்லிக்குப் போயிருந்தாள். போகும்போது, "நான் வந்த பொறவு இடிங்க, செத்த நேரந்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். "சரிம்மா" என்றது நான்தான்.

பனி மேலேறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் போனால் படம் எடுக்க முடியாது. மேடம் இருட்டுமுன் மலை இறங்க வேண்டும். நாங்கள் காத்திருக்கவில்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அதன் முன்னால் நிற்கும் பங்களாவிலிருந்து தொடங்க வேண்டும். எல்லோரும் அப்படித்தான் தொடங்குவார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன்.

குன்றின் தலையைச் செதுக்கிச் சமப்படுத்திக் கட்டிய பங்களா அது. சிவப்புத் தகரக் கூரை, கல்லில் இரண்டு புகைபோக்கி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்து வயிறு புடைத்தாற்போல் வெளியே வரும் ஜன்னல். முகப்பு முக்கோணத்தில் வெள்ளைச் சுவரின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கறுப்பு மரச்சட்டங்கள். எஸ்டேட்டில் யாரும் இங்கிலாந்தைப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தப் பங்களா இங்கிலாந்திலிருந்து அப்படியே பெயர்த்து எடுத்து வந்தது போல இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அந்தக் கறுப்புச் சட்டங்கள் எதையும் தாங்கவில்லை, அழகுக்கு ஆணியடித்து ஒட்டியவை என்று பிற்பாடு ஏணி போட்டு ஏறிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பங்களாவின் முதுகுப் பக்கம், கூரை போட்ட ஒரு நடையால் அதோடு ஒட்டிக்கொண்டு, ஒரே வரிசையில் நாலு அறைகள். எஸ்டேட்டில் வரிசை வீடுகளை லயம் என்போம், இதற்குப் பின்லயம் என்று பெயர். கோடியில் இரண்டு அறை எங்களுடையது. அடுத்த இரண்டில் வாட்ச்மேன் குடும்பம். அப்பா பங்களாத் தோட்டக்காரர். ரோஜாவும் டேலியாவும் அவர் கையில் இருந்தன. அம்மா தேயிலைக் கொழுந்தெடுத்தாள். நான் படித்து முடிக்கும்வரை பங்களாவின் முன்வாசல் வழியாக ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. எங்கள் பக்கம் ஜன்னல் இருந்தது. அதைத் திறந்தால் நாலடி தள்ளி பங்களாவின் பின்சுவர். பாசி பிடித்த கல்லும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான் தெரியும். அந்த ஜன்னலில் உட்கார்ந்துதான் பத்தாவது பரீட்சைக்குப் படித்தேன்.

எங்கள் பக்கத்து எஸ்டேட்டுகளில் வீடு வேலையோடு வரும், வேலையோடு போகும். ரிட்டயர் ஆனவர் வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டிப் பணம். அந்தப் பணம் வந்தால்தான் வேறு வீடு பார்க்க முடியும். எது முன்னால் எது பின்னால் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்ட குடும்பங்கள் ஏராளம். அப்பா ரிட்டயர் ஆனதும் நாங்களும் உட்கார்ந்துவிட்டோம். அம்மாவும் முழங்காலைச் சாக்கிட்டு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்பா தினக்கூலிக்கு அதே ரோஜாவை வெட்டிக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீடு காலியா இல்லையா என்பதற்கு எங்களுக்குள் ஒரே ஒரு அடையாளம்தான், அடுப்பு. கட்டில் கிடக்கலாம், கொடியில் துணி தொங்கலாம், கதவு பூட்டியிருக்கலாம். ஆபீஸிலிருந்து வருகிறவர் நேரே சமையலறைக்குள் தலையை நீட்டுவார். அடுப்பை எடுத்திருந்தால் குடி போய்விட்டது. அடுப்பு இருந்தால் ஆள் இருக்கிறது. அதனால்தான் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறவர்களும் அடுப்பைத் தொடமாட்டார்கள். கேஸ் வந்த பிறகும் அம்மா மண் அடுப்பை வைத்திருந்தாள். "வெந்நி போட வேணும்லா" என்பாள். வெந்நீர் மட்டுமே காரணமில்லை என்பது எனக்கும் தெரியும், வாட்ச்மேன் மனைவிக்கும் தெரியும். எஸ்டேட்டில் பிறந்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கட்டடக்கலையும் படித்தேன். படிப்பு முடிந்து பாலக்காட்டில் மேடத்தின் சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். மேடம் கல்பாத்திப் பக்கத்துக்காரர். பழைய வீடுகளைப் பழுது பார்ப்பதுதான் அவர் வேலை. அங்கே அலமாரியில் இங்கிலாந்து நாட்டுப்புற மாளிகைகளைப் பற்றிய தடித்த புத்தகங்கள் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் புரட்டுவேன். படங்களைவிட அடியில் இருந்த தரைப்படங்கள்தான் எனக்குப் பிடித்தன. அந்த மாளிகைகளில் பெரும்பாலானவை ஒரே மூச்சில் கட்டியவை அல்ல. ஒருவன் முதலில் சின்னதாக ஒரு கல்வீடு கட்டுவான். பின்னால் வருகிறவனுக்குப் பணம் சேரும். பழையதை இடிக்க மனம் வராது, இடித்தால் செலவும் கூட. முன்னால் பெரிதாக ஒரு முகப்பை எழுப்பி, பழைய வீட்டைச் சமையலுக்கும் வேலைக்காரர்களுக்கும் விட்டுவிடுவான். விருந்தாளி பார்ப்பது புதிய வீட்டை. முதல் வீடு பாத்திரம் துலக்கிக்கொண்டு பின்னால் கிடக்கும்.

இதைப் படித்த நேரத்தில்தான் எங்கள் எஸ்டேட் பங்களாவை ஒரு ஹோட்டல் கம்பெனி குத்தகைக்கு எடுத்தது. பங்களாவை அளந்து படம் போட்டு, எந்தப் பகுதி எப்போது எப்படிக் கட்டியது என்று ஒரு வரலாறு எழுதித் தரும் வேலை மேடத்துக்கு வந்தது. "அது எங்க வீட்டுக்கு முன்னாடி இருக்குற பங்களாதான் மேடம்" என்றேன்.

"அப்போ நீயே போ. ஒனக்கு ஆகாரச் செலவு மிச்சம், நேக்கு லாட்ஜ் செலவு மிச்சம்" என்று சிரித்தார்.

ஹோட்டல்காரர்களின் திட்டத்தை முதலிலேயே பார்த்துவிட்டேன். முன்பங்களா மட்டும்தான் அவர்களுக்கு வேண்டும். பின்லயத்தை வேலையாட்கள் தங்குவதற்கு அப்படியே விட்டிருந்தார்கள். அப்பாவிடம் காட்டி, "நம்ம பக்கம் தொடலப்பா" என்றேன். அப்பா அன்றைக்கு ரோஜாவுக்கு எரு வைக்கும்போது பாட்டே பாடினார்.

அளக்கும்போது நாடாவின் மறுமுனையை அப்பாதான் பிடித்தார். முதல்முறையாக முன்வாசல் வழியாக இரண்டு பேரும் உள்ளே போனோம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டார். நான் கழற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானும் கழற்றினேன். பலகைத் தளம் குளிர்ந்தது. முன்கூடத்தின் சுவர் ஒன்றரை அடி தடிமன். சுண்ணாம்புக் காரை, ரம்பத்தில் அறுத்த உத்திரம், எல்லாம் நேர்த்தி. நடைக்கு வந்தபோது அதன் சுவர் பின்லயத்துச் சுவரோடு பின்னிக்கொள்ளாமல் சும்மா சாய்ந்து நிற்பதைக் கவனித்தேன். கல்லும் கல்லும் கோத்துக்கொள்ளவில்லை, மேலிருந்து கீழ்வரை நேர்க்கோடாக ஒரு பிளவு. அப்படியென்றால் நடை வரும்போது பின்லயம் ஏற்கெனவே நின்றிருக்கிறது. எங்கள் சுவரை அளந்தேன். இரண்டு அடிக்கும் மேல். மச்சில் ஏறி டார்ச் அடித்தேன். எங்கள் உத்திரங்களில் ரம்பம் படவில்லை, வாய்ச்சியால் கையில் செதுக்கிய தடம், இன்னும் பழைய வேலை.

கீழே இறங்கி என் பழைய ஜன்னலில் உட்கார்ந்தேன். எதிரில் பாசிச் சுவர். அப்போதுதான் உறைத்தது. நாலடி தள்ளி இருக்கும் சுவரைப் பார்ப்பதற்காக எவனும் ஜன்னல் வைக்கமாட்டான். இந்த ஜன்னல் வைத்தபோது எதிரில் சுவர் இல்லை. பள்ளத்தாக்கு இருந்திருக்கிறது.

"அப்பா, துரை பங்களாவுக்குப் பின்னால நாம இல்லப்பா. நமக்கு முன்னால வந்து துரைதான் பங்களா கட்டியிருக்காரு. மொத துரை இருந்த வீடு இதுதான்."

"என்னலே சொல்லுத?"

படம் வரைந்து காட்டினேன். அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் டீக்கடை வரைக்கும் போய்விட்டு வந்தார். மறுநாள் காலையில் வாட்ச்மேன் மனைவி குடத்தோடு வாசலில் நின்று அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ மதினி, இனி ஒங்கள தொரசாணின்னுல்லா கூப்புடணும்? தொரசாணி தண்ணிக்கு வரலாமா, நாங்க கொண்டாந்து ஊத்தவா?"

"ஊத்து, ஊத்து. அப்படியே காலையும் பிடிச்சு விடு, வலி தாங்கல" என்றாள் அம்மா.

"பாத்தியளா, ஒரே நாளுல வாய் வந்துட்டு!"

அம்மா அன்று நிறையச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் போதையாக இருந்தது. நாங்கள் யாருக்கோ பின்னால் குடியிருந்தவர்கள் இல்லை என்பதைக் கல்லை வைத்தே நிரூபித்துவிட்டதாக நினைத்தேன்.

மேடத்துக்கு போன் செய்தேன். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "சுவர் தடிமனா இருந்தா அது குதிரை லாயமாகவும் இருக்கலாமாக்கும். மனுஷா வாழ்ந்த வீடுன்னா கணப்பு இருக்கணும். குளிர் காயாத வெள்ளைக்காரன் உண்டோ?"

கணப்பு எங்கே இருக்க முடியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அம்மாவின் மண் அடுப்புக்குப் பின்னால் சுவர் உள்வாங்கி ஒரு குழிவு உண்டு. அதில் விறகு அடுக்குவாள். அதன் மேல் பாதி அப்பா பூசிய சிமென்டால் மூடியிருந்தது, கீழ்ப்பாதியை அடுப்பு மறைத்திருந்தது. அடுப்பை எடுத்தால் தெரிந்துவிடும். அந்த வாரமே மேடம் வந்தார். மேனேஜருக்கு மரியாதைக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. வந்தார்.

"அம்மா வரட்டுமே" என்று அப்பா ஒருமுறை இழுத்தார்.

"பனி ஏறிரும்ப்பா. சாயங்காலமே திரும்பக் கட்டிரலாம்" என்றேன்.

அடுப்பை எடுத்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா பிறகொரு நாள் சொன்னார், "அது காலி பண்ணுதவனுக்குல்லா? எம் மவன் ஆபீசராட்டம் நிக்கான், எனக்கென்னனு நெனச்சேன்." நானும் அதே மாதிரிதான் நினைத்தேன். அந்த வழக்கம் படிக்காதவர்களைக் கட்டுப்படுத்துவது, அடையாள அட்டை போட்டுக்கொண்டு நிற்கும் என்னை அல்ல என்று.

கடப்பாரை நாலு குத்தில் அடுப்பை உதிர்த்தது. சிமென்டைத் தட்டினோம். கரி மண்டிய கல் வளைவு ஒன்று மெல்ல வெளியே வந்தது. நடுக்கல் மட்டும் சற்றுத் துருத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் ஐந்தைந்து கற்கள் கச்சிதமாகச் சாய்ந்து நின்றன. உள்ளே தலையை விட்டு மேலே டார்ச் அடித்தால் புகைக்குழல் கூரைவரை போய் மேலே கல்லால் அடைபட்டிருந்தது. மேடம் மண்டியிட்டு அந்த நடுக்கல்லைத் தொட்டார். "அடடா, ஒங்காத்துலயாக்கும் எல்லாம் ஆரம்பிச்சிருக்கு" என்றார். அப்பா கரிக்கையோடு என் தோளைத் தட்டினார். சட்டையில் ஐந்து விரலும் பதிந்தன. எனக்குக் கண் கலங்கியது.

மேனேஜர் குனிந்தபடியே உள்ளே பார்த்தார். கணப்பைப் பார்த்தாரா, அடுப்பு இருந்த இடத்தைப் பார்த்தாரா என்று இப்போது யோசிக்கிறேன். "அடுப்பெல்லாம் எடுத்தாச்சு, அல்லே? நல்லது" என்றார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அம்மா வந்தாள். மருந்துப் பையோடு நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். தரையெல்லாம் செம்மண் கட்டி.

"நான் வந்த பொறவுன்னு சொன்னேன்லா?"

"பாரும்மா, எவ்வளவு அழகா..."

"எவன் வந்தான்?"

"மேடமும் மேனேஜரும்."

அம்மா கணப்பைப் பார்க்கவே இல்லை. பையை வைத்துவிட்டு உதிர்ந்த மண்ணைக் கூட்டி ஒரு சட்டியில் அள்ளினாள். அதையே குழைத்துத் திரும்பக் கட்டலாம் என்று. தண்ணீர் ஊற்றிப் பிசைய உட்கார்ந்தபோது வாட்ச்மேன் வந்து வாசலில் நின்றார். பக்கத்து அறைக்காரர், தினமும் எங்களோடு டீ குடிப்பவர்.

"மதினி, இப்ப கெட்டாண்டாம்னு ஆபீஸ்ல சொல்லுதாக. ஹோட்டல்காரங்க வந்து பாக்குத வரைக்கும் அந்தச் செவத்துல புகை படக்கூடாதாம்."

"கேஸ்ல காச்சிக்கிடுதோம். அடுப்பு சும்மா இருந்துட்டுப் போட்டும்."

"அதுவும் கூடாதாம்."

மறுநாளே நான் மேனேஜரின் ஆபீஸுக்குப் போனேன். அவர் மரியாதையாக நாற்காலி காட்டினார். என் அப்பாவுக்கு அந்த அறையில் ஒருநாளும் நாற்காலி கிடைத்ததில்லை. "நீ எழுதினதுதானே?" என்று முந்தின ராத்திரியே மேடம் ஹோட்டலுக்கும் அவருக்கும் மெயிலில் அனுப்பியிருந்த என் குறிப்பைத் தள்ளினார். ஹோட்டல்காரர்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டதாம். முன்பங்களா மாதிரி மலையில் பத்து இருக்கிறது, முதல் துரையின் வீடு எங்கே இருக்கிறது? அதைத்தான் அதிக வாடகைக்கு விடப்போகிறார்கள். நாலு அறையும் வேண்டும். "வாட்ச்மேனுக்கு லயத்தில் வேறு வீடு உண்டு, அவன் சர்வீஸில் இருக்கிறான். ஒன்ட அச்சன் சர்வீஸில் இல்ல. அடுப்பும் எடுத்தாச்சு. நானே கண்டதல்லே?"

"அது போட்டோ எடுக்கறதுக்காக சார்."

"அதொக்கெ எனக்குத் தெரியாது" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்று மாலை மேடம் போனில் கூப்பிட்டார். விஷயம் அவருக்கும் போயிருந்தது. "இன்னும் ரிப்போர்ட்டை முழுசா குடுக்கலையே. பின்கட்டு, காலம் தெரியலைன்னு போட்டுடட்டுமா? போட்டா அவா வேகம் கொறையலாம். கொறையாமலும் போகலாம். நீ சொல்லு, ஒன்னோட கண்டுபிடிப்பாக்கும்" என்றார்.

இதை நான் அப்பாவிடமும் அம்மாவிடமும் இதுவரை சொல்லவில்லை.

ஒரு நாள் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு நாளில் பங்களாவை மூன்று முறை சுற்றி வந்தேன். பொய் எழுதக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல் சொல்வதை மாற்ற எனக்கு உரிமையில்லை என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் சரிதான். ஆனால் என் பெயர் முதன்முதலாக ஒரு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் அச்சாகப்போகிறது என்பதும், அந்தக் கணப்பின் படத்துக்குக் கீழே வரப்போகிறது என்பதும் மனதின் ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தன. காலம் தெரியவில்லை என்று போட்டுவிட்டால் அந்தப் படத்துக்கு வேலையே இல்லை. "உள்ளது உள்ளபடி இருக்கட்டும் மேடம்" என்றேன். "செரி" என்றார். அந்த ஒரு சொல்லில் மெச்சினாரா, ஏமாற்றமடைந்தாரா என்று தெரியவில்லை.

மாற்றி எழுதியிருந்தால் வீடு தப்பியிருக்குமா? தப்பியிருக்காது என்று நினைத்துக்கொள்ளத்தான் விருப்பம். அடுப்புத்தான் ஏற்கெனவே போய்விட்டதே என்று சொல்லிக்கொள்வேன். அந்த அடுப்பை இடிக்கச் சொன்னது யார் என்ற கேள்வி உடனே வந்து நிற்கும்.

மழைக்கு முன்னால் அப்பாவும் அம்மாவும் வீடு மாறினார்கள். சூரியநெல்லி பஜாருக்குக் கீழே, தகரக் கூரை போட்ட ஒன்றரை அறை. சாமான் ஏற்றிய ஜீப்பில் அப்பா முன்னால் உட்கார்ந்து என்னைத் தேற்றினார். "விடுலே. மொத தொரையே அந்த வீட்ட விட்டுட்டு முன்னால போயிட்டான். நாம கீழ போறோம், அவ்வளவுதான்." அம்மா பின்னால் பாத்திர மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். புது வீட்டில் இறங்கியதும் முதல் காரியமாக மூன்று கல்லைத் தேடி எடுத்து மூலையில் வைத்தாள். வீட்டுக்காரர் ஓடி வந்து, புகை போட்டால் தகரம் கறுக்கும் என்றார். கல்லைத் திரும்ப வெளியே வைத்தாள்.

பாலக்காட்டில் எனக்கு வேலை குறையவில்லை. பின்லயத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டும், எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போடும் பொறுப்பும் எனக்கே வந்தது. அந்தக் கட்டடத்தை என்னளவுக்கு அறிந்தவர் ஆபீஸில் இல்லை. கணப்பு அறைக்குத் தனியாகக் கணக்குப் போட்டேன். கல்லில் ஏறிய அடுப்புக்கரியைக் கல் கெடாமல் நீக்குவது, பிற்காலத்தில் பூசிய சிமென்டைக் கொத்தி எடுப்பது, இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்புவது. நல்ல கொத்தனார் வேண்டும், அவசரப்படக்கூடாது என்று கூலியைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எதனால் வந்த சேதம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'குடியிருந்தோர் உபயோகத்தால்' என்று எழுதினேன். எல்லா மதிப்பீட்டிலும் அப்படி எழுதுவதுதான் முறை.

வீட்டுக்குச் சேதம் செய்தவர்களின் கணக்கில் அதைப் பிடிப்பதும் எஸ்டேட்டில் முறைதான். அதுவும் எனக்குத் தெரியாததில்லை. எழுதும்போது நினைவுக்கு வரவில்லை.

அப்பாவின் கிராஜுவிட்டி வந்தபோது நான் அங்கே இருந்தேன். மலையாளத்தில் அடித்த தாளை நீட்டி, "படிச்சுச் சொல்லு, கொறச்சலா இருக்காப்ல தெரியுது" என்றார். முழுத் தொகை சரியாக இருந்தது. அதற்குக் கீழே கரண்ட் பாக்கி என்று சின்னதாக ஒரு பிடித்தம். அதற்கும் கீழே, வீட்டுச் சேதம் என்று, கணப்பு அறைக்கு நான் போட்ட மதிப்பீட்டின் மூன்று வரியும் கூட்டி ஒரே தொகையாக, ஒரு ரூபாய்கூட மாறாமல்.

"எம்புட்டு பிடிச்சிருக்கான்?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

ஐம்பத்து மூவாயிரத்து நானூறு ரூபாய்.